சூசை எங்கே?

ஆராய்ச்சிக்காரர்கள் இருவரின் சண்டை இது. தீர்ப்பை என் தலையில் கட்டினார்கள், நான் உங்கள் தலையில் கட்டுகிறேன்.

குமரிக் கடற்கரையில் ஓர் ஊர். புயலில் சிக்கிய படகுகளில் சூசையின் படகு மட்டும் திரும்பவில்லை, உடலும் கரையேறவில்லை. அவன் மனைவி பிரகாசியிடம் யார் கேட்டாலும், "அவிய கடலுக்குப் போயிருக்காவ" என்பாள். தொழிலுக்குப் போன கணவனைப் பற்றி அந்த ஊர்ப் பெண்கள் தினமும் சொல்கிற பேச்சுதான்.

இதை ஆராய வந்தார்கள் தமயந்தியும் வழுதியும். தமயந்தி பொருள்விளக்கவாதி. பேசுகிறவரின் உலகத்துக்குள் போய், அவர் மனதிலிருக்கும் பொருளைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பாள். வழுதி ஆக்கவாதி. பொருள் மனதுக்குள் தயாராக உட்கார்ந்திருப்பதில்லை, கேட்பவரும் சொல்பவரும் சேர்ந்தே அதை உண்டாக்குகிறார்கள், ஆகவே எழுதியதைச் சொன்னவரிடமே காட்ட வேண்டும் என்பான்.

தமயந்தி பிரகாசி வீட்டிலேயே தங்கினாள், கூடவே மீன் விற்கப் போனாள், கோயிலில் பக்கத்தில் முழந்தாளிட்டாள். கடைசியில், 'இவளுக்கு உள்ளுக்குள் தெரியும், வாய்தான் ஒப்பவில்லை' என்று முடிவுகட்டி, இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் 'மறைந்த சூசை' என்று எழுதினாள். வழுதி அதைப் பிரகாசிக்கு வாசித்துக் காட்டினான்.

பிரகாசியின் முகம் மலர்ந்தது. "மறஞ்சா இருக்காவ? எங்க மறஞ்சி இருக்காவ தம்பி?"

பாவி மகன், அந்தச் சொல்லுக்கு எழுத்தில் என்ன அர்த்தம் என்று விளக்கிவிட்டான். அவள் பிறகு, "படிச்ச பிள்ளைங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்றாள். மறுநாள் கோயிலில் சூசைக்குத் துக்கமணி அடிக்கச் சொன்னாள்.

"நீ வாசிக்காம இருந்திருந்தா அவங்க இன்னும் காத்திட்டிருப்பாங்க" என்று தமயந்தி அழுதாள்.

"உள்ளுக்குள்ள தெரியும்னு எழுதினியே, தெரிஞ்சவங்க எங்கன்னு கேப்பாங்களா?" என்றான் வழுதி.

எழுதியவளா, வாசித்தவனா? பிரகாசிக்குப் பெரிய தவறு இழைத்தது யார்?

என்னைக் கேட்டால் வழுதிதான். தமயந்தி தப்பாகப் புரிந்துகொண்டாள், அது அவள் வழியில் நேரக்கூடிய பிழை. புரிந்ததைக் கேட்டுச் சரிபார்த்திருக்கலாம். வழுதி சரியாகவே போய் வாசித்துக் காட்டினான். ஆனால் பிரகாசி 'மறைந்த' என்ற சொல்லுக்குத் தன் பொருளைத் தந்தபோது, சேர்ந்து உண்டாக்குவோம் என்றவன், வாத்தியார்போல் அவளைத் திருத்தினான். "எங்க" என்று கேட்டவளிடம் "தெரியலம்மா" என்று சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதானே, சூசை எங்கே என்று அவனுக்கும் தெரியாது.