பரோட்டாவின் நுரையீரல்

“மேடம், இந்த மிஷினை நம்பலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லிடுங்க.”

கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்து கேட்டார் டாக்டர் வன்னியப்பன்.

டாக்டர் நூர்ஜமீலா மதியப் பரோட்டாவில் இருந்தார்.

வன்னியப்பன் ஊருக்கெல்லாம் ஊசி போட்டே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க முடியாமல், நெஞ்சு எக்ஸ்ரே படிக்கக் கற்றுக்கொள்ள இந்த ஸ்கேன் சென்டருக்கு வந்து சேர்ந்தார். குரு நூர்ஜமீலாவுக்கு அவர் மகள் வயசு.

“உட்காருங்க சார்.”

“உட்கார முடியலை.”

பொய்யில்லை. காலையிலிருந்து அவர் வராந்தாவில் நடந்த நடைக்குப் பாளையங்கோட்டை போய் டீ குடித்துவிட்டே திரும்பியிருக்கலாம்.

“அப்படி என்ன ஆச்சு?”

“வெளியே சுடலைக்கண்ணுன்னு ஒரு பையன். வெல்டர். நாளைக்குக் கத்தார் ஃப்ளைட். நம்ம ரிப்போர்ட்டுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கான்.”

“படம்?”

“சுத்தம். நானே பார்த்து எழுதிட்டேன். மிஷினும் அதையேதான் சொல்லுது.”

“பிறகென்ன?”

புதுசாக வந்த மிஷின் அது. எக்ஸ்ரே படத்தையும், கூட வந்த சீட்டில் நோயாளியின் தொந்தரவு பற்றி எழுதியிருப்பதையும் சேர்த்துக் கொடுத்தால், கொட்டாவி விட்டு வாயை மூடுவதற்குள் ரிப்போர்ட் எழுதிவிடும். சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் டாக்டர் வேலை.

“கடைசியில ஒரு வரி சேர்த்திருக்கு மேடம். ‘முந்தைய படத்தோடு ஒப்பிடுகையில் மாற்றமில்லை.’ முந்தைய படமே கிடையாது! அவன் நெஞ்சைப் படம் எடுத்ததே இன்னைக்குத்தான். இல்லாத படத்தை இது எங்கே போய்ப் பார்த்துச்சு?”

நூர்ஜமீலா இடது கையால் போனை எடுத்தார். பாதி தின்ற பரோட்டாவைப் படம் பிடித்தார். மிஷினுக்கு அனுப்பினார்.

சீட்டுக்கான இடத்தில் தட்டினார்: ‘விசா மெடிக்கல். தொந்தரவு ஏதுமில்லை.’

மிஷின் அசரவில்லை.

‘இரு நுரையீரல்களும் தெளிவாக உள்ளன. இதயத்தின் அளவு இயல்பு. முந்தைய படத்தோடு ஒப்பிடுகையில் மாற்றமில்லை.’

வன்னியப்பன் சிரித்த சிரிப்பில் மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் ஒரு கணம் நின்று கேட்டது.

“பரோட்டாவுக்கு விசா கிடைச்சுட்டு மேடம்!”

நூர்ஜமீலா சீட்டை மட்டும் மாற்றினார். ‘வாரக்கணக்கில் இருமல். சளியில் ரத்தம்.’

பரோட்டா அதே பரோட்டாதான்.

‘வலது மேற்பகுதியில் நிழல். காசநோயாக இருக்கலாம்.’

“அடப்பாவி! அது சால்னா ஊத்தின பக்கம்!” வன்னியப்பன் மறுபடியும் நடக்க ஆரம்பித்தார். “படத்தை இது பார்க்கவே இல்லை. சீட்டைப் பார்த்துட்டு அளந்து விடுது. நல்லவேளை, நான் என் கண்ணால பார்த்து எழுதினேன்.”

“என்ன எழுதினீங்க? வாசிங்க சார்.”

சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டிப் பிடித்து வாசித்தார்.

“இரு நுரையீரல்களும் தெளிவாக உள்ளன. இதயத்தின் அளவு...”

குரல் அங்கேயே நின்றுவிட்டது.

“நான் படத்தைப் பார்த்துத்தான் எழுதினேன் மேடம்.”

“சீட்டைப் பார்க்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

வன்னியப்பனின் கண் மேஜைப் பக்கம் போனது.

நூர்ஜமீலா கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினார். திரையில் சுடலைக்கண்ணுவின் நெஞ்சு. மேஜையில் அவன் சீட்டு. ‘விசா மெடிக்கல். தொந்தரவு ஏதுமில்லை.’

அந்தச் சீட்டின் மேல் எண்ணெய்க் கையைப் பரப்பி வைத்தார்.

வன்னியப்பன் உட்கார்ந்தார்.

ஒவ்வொரு விலா எலும்பாக விரலை வைத்து ஏறினார். வலது கழுத்தெலும்புக்குப் பின்னால் விரல் நின்றது. பஞ்சுபோல் ஏதோ ஒன்று.

சால்னா தெறித்திருக்கும் என்று கைக்குட்டையால் துடைத்தார்.

போகவில்லை.

எழுந்து கதவைத் திறந்தார். சுடலைக்கண்ணு பையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

“ஏம்ப்பா, உனக்கு இருமல் உண்டா?”

“உண்டு சார். ரொம்ப நாளா.”

“சீட்டு எழுதுறப்பவே சொல்றதுக்கென்ன?”

“விசாவுக்கான்னு கேட்டாங்க. ஆமான்னேன். அதுக்கு மேல யாரும் ஒண்ணும் கேக்கலையே... ரிப்போர்ட் ரெடியா சார்?”

வன்னியப்பன் கையிலிருந்த தாளைக் கசக்கினார்.

“உள்ளே வாப்பா. உன்னை நான் இன்னும் பார்க்கவே இல்லை.”