மைமூன் அடைக்க நினைத்த வாசல்

மொராக்கோவின் கடற்கரையில் ஒரு பழைய துறைமுகம். அதன் ஓரத்தில், பாறைமேல், மதில் சூழ்ந்த ஒரு கோட்டைக் குடியிருப்பு. ஊரார் அதைக் கஸ்பா என்பார்கள்.

கஸ்பாவின் காவல் தலைவன் மைமூன். ஐம்பது வயது. பீரங்கிக்குப் போட்டியாகக் குரல். தன் மதிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சோறு தண்ணீர் வேண்டாம் அவனுக்கு.

அவனுக்கு ஓர் ஆசான் இருந்தார், லல்லா தாமு. மதிப்புள்ள பெண்களை அங்கே லல்லா என்றுதான் அழைப்பார்கள். மைமூனைவிட நாலைந்து வயது சின்னவர். சுற்றி வளைத்துப் பேசுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது.

ஒரு வெள்ளிக்கிழமை மைமூன் அவரைக் கோட்டையைப் பார்க்க அழைத்து வந்தான். சும்மா இல்லை. கடல் பக்க மதிலில் ஒரு சிறிய வாசல் இருந்தது. ஆள் குனிந்துதான் நுழைய வேண்டும். கரையிலிருந்து மீன் கொண்டுவரும் பெண்களுக்கு அதுதான் வழி. அதைக் கல் வைத்து அடைத்துவிட மைமூன் முடிவு செய்திருந்தான். கொத்தனார்கள் வந்தாயிற்று. ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வேலை ஆரம்பம். ஆசான் வாயால் ஒரு ‘சரி’ வாங்கிவிட்டால் போதும், நிம்மதியாகத் தூங்கலாம்.

“அடைச்சிடட்டுமா, லல்லா?”

“கோட்டையைக் காட்டறேன்னுதானே கூட்டிட்டு வந்தே? முதல்ல காட்டு.”

காட்டினான். மதிலின் அகலத்தைக் காட்டினான். பீரங்கிகளைப் பெற்ற பிள்ளைகளைப் போல ஒவ்வொன்றாகத் தட்டிக் கொடுத்தான். பெரிய வாசலுக்குள் நிறுத்தி வைத்து விளக்கினான்.

“பாருங்க, உள்ளே வர்றவன் நேரா ஓட முடியாது. ஒரு தடவை திரும்பணும். மறுபடியும் திரும்பணும். அதுக்குள்ளே மேலேயிருந்து கொதிக்கிற எண்ணெயை ஊத்திடுவோம்.”

“எண்ணெயையா? விக்கிற விலையிலயா?”

மைமூன் சிரிக்கவில்லை.

“இவ்வளவு வெச்சிருக்கே. அந்தப் பொந்து மாதிரி வாசலுக்கா பயப்படறே?”

அவன் குரல் இறங்கிற்று.

“அதுவழியாத்தான் கொள்ளைக்காரங்க வந்தாங்க, லல்லா. என் தம்பி ஹத்து அங்கே காவல். ‘தண்ணியில நிக்கிறோம், காப்பாத்து’ன்னு வெளியே எவனோ கத்தியிருக்கான். பாவம்னு திறந்தான். நின்ன இடத்துலயே வெட்டிட்டாங்க.”

லல்லா தாமு கடல் பக்கமாக நடந்தார்.

“வெளியேயிருந்து எப்படி இருக்கும்?”

“எது?”

“உன் கோட்டைதான்.”

மைமூனுக்கு உற்சாகம் திரும்பிவிட்டது. “வாங்க, வாங்க. கீழே நின்னு பார்த்தாத்தான் அதோட மிரட்டல் தெரியும்.”

சின்ன வாசலில் ஜிலாலி என்ற காவலாளி சுவரில் சாய்ந்து தூங்கி வழிந்துகொண்டிருந்தான். அவனைத் தாண்டி இருவரும் குனிந்து மணலில் இறங்கினார்கள். அங்கே சில பெண்கள் மத்தி மீனைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். மைமூன் அவர்களைப் பார்க்கவில்லை. அண்ணாந்து, பீரங்கித் துளைகளை விரல் நீட்டிக் காட்டிக்கொண்டே போனான்.

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. பின்னால் கதவு மூடியது. உள்ளே கட்டை விழும் சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமை நண்பகலில் ஊரே தொழுகையில் இருக்கும், எதிரி அப்போது பார்த்துத்தான் வருவான் என்பது அந்த ஊரின் பழைய அச்சம். பாங்கு சொன்னதும் எல்லா வாசலையும் அடைத்துவிடுவார்கள். தம்பி போன பிறகு மைமூன் தன் பங்குக்கு ஒரு கட்டளையும் சேர்த்திருந்தான்: தொழுகை முடியும்வரை யார் வந்து என்ன சொன்னாலும் திறக்கக் கூடாது.

பெருமை பேசியதில் நேரம் போனதே தெரியவில்லை. ஓடிப்போய்க் கதவைத் தட்டினான்.

“ஜிலாலி! திற, நான்தான்!”

“நான்தான்னா யாரு?”

“மைமூன்டா!”

“தலைவர் முதல் வரிசையில தொழுதுகிட்டிருப்பார். நீ வேற எவனாவது ஏமாந்தவனைப் பார்.”

“என் குரல்கூடவா தெரியலே?”

“குரலை நம்பாதேன்னு சொன்னவரே அவர்தான்!”

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர்களில் இத்தோ என்பவள், “அண்ணே, தொண்டையை வீணாக்காதீங்க. இந்தப் படிமேல ஏறுங்க. கடல் ஏறுற நேரம்” என்றாள்.

“பெரிய வாசலுக்குச் சுத்திப் போயிடறேன்.”

“எது மேல நடந்து?”

திரும்பிப் பார்த்தான். சற்றுமுன் மணல் இருந்த இடமெல்லாம் நுரை.

பெண்கள் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு, கதவடியில் இருந்த குறுகிய படிகளில் நெருக்கி நின்றார்கள். லல்லாவுக்கு நடுவில் இடம் கொடுத்தார்கள். மைமூனுக்குக் கடைசிப் படிதான் மிச்சம். தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. முழங்காலுக்கு வந்தது. ஓர் அலை நெஞ்சில் அறைந்து அவனை மதிலில் மோதவிட்டது.

“தண்ணியில நிக்கிறோம்! திறடா, காப்பாத்து!”

கத்திய பிறகுதான், தான் என்ன கத்தினோம் என்பது அவன் காதில் விழுந்தது.

உள்ளேயிருந்து ஜிலாலியின் குரல், நடுங்கிக்கொண்டு வந்தது.

“அன்னைக்கும் இதையேதான் சொன்னாங்க.”

மைமூன் அதற்குப் பிறகு கதவைத் தட்டவில்லை.

இத்தோ தன் இடுப்புத் துணியின் முனையை அவனிடம் நீட்டினாள். “பிடிச்சுக்குங்க. தொழுகை முடிஞ்சா திறந்துடுவாங்க. வாரா வாரம் நாங்க படறதுதானே?”

“வாரா வாரமா?”

“பின்னே? மீன் கிழமை பார்த்தா வருது?”

“எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே!”

“வந்தோமே. கதவு சாத்தியிருந்தது.”

நடுவில் நின்ற லல்லா தாமு, பக்கத்துப் பெண்ணின் தலைமேல் இருந்த கூடையை எட்டிப் பார்த்து, “மத்தி நல்லா நெய் வெச்சிருக்கும்மா. முள்ளோட வறுப்பீங்களா, எடுத்துடுவீங்களா?” என்று விசாரித்துக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஒரு பக்குவம் சொன்னார்கள். மைமூன் துணியைப் பிடித்தபடி, கண்ணை மூடி, கலிமாவை முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

ஒருவழியாகக் கட்டை தூக்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. சொட்டச் சொட்ட நின்ற தலைவனைப் பார்த்ததும் ஜிலாலிக்கு முகம் வெளுத்துவிட்டது.

“தலைவரே... சத்தியமா நான்...”

“நீ செஞ்சது சரி” என்றான் மைமூன். “சொன்னதைத்தானே செஞ்சே.”

பெண்கள் கூடையை இடுப்புக்கு இறக்கி, ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே போனார்கள். ஒருத்தியும் ஒரு குறை சொல்லவில்லை. மீன் கெடுவதற்குள் விற்க வேண்டும்.

உள்ளே கல் அடுக்கியிருந்தது. சுண்ணாம்பு குழைத்து வைத்திருந்தார்கள். லல்லா தாமு ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து ஈர முந்தியைப் பிழிந்தார்.

மைமூன் அவர் எதிரில் நின்றான்.

“என் தம்பியை வெட்டினது இந்த வாசல்லதான், லல்லா. அது பொய்யாயிடலையே?”

“ஆகலே.”

“திறந்து விட்டா நாளைக்கு இன்னொருத்தன் தம்பி சாவான்.”

“சாகலாம்.”

“அப்போ நான் அடைக்கிறதுல என்ன தப்பு?”

“தப்புன்னு நான் எப்போ சொன்னேன்?”

“பின்னே சரியா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்களேன்!”

அவர் முந்தியை இன்னொரு முறை பிழிந்தார்.

கொத்தனார்களின் மேஸ்திரி கரண்டியோடு வந்து நின்றார். அவருக்கு இதெல்லாம் எதுவும் தெரியாது. வேலை ஆனால் சரி.

“ஐயா, ஒரு சந்தேகம். உள்ளே நின்னு கட்டட்டுமா, வெளியே நின்னு கட்டட்டுமா?”

மைமூன் லல்லாவைப் பார்த்தான். மேஸ்திரியும் பார்த்தார்.

“அவரையே கேளுப்பா” என்றார் லல்லா தாமு. “இந்தக் கோட்டைக்கு எத்தனையோ காவல் தலைவர்கள் வந்தாங்க. ரெண்டு பக்கமும் நின்னவர் இவர் ஒருத்தர்தான்.”