வீட்டுக்கு வந்த மலை

“டீச்சர், வெளியில இருக்கிற வரைக்கும் உயிரோட இருக்கு. வீட்டுக்குள்ள கொண்டு போனதும் செத்துப் போகுது.”

கொம்பையா அண்ணாச்சி கையிலிருந்த படத்தை வரப்பில் சாய்த்து வைத்தார்.

கால்வாய்க்கரையில் உட்கார்ந்து பிரஷைத் துடைத்துக்கொண்டிருந்த ஆவுடையம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

“எது செத்துப் போகுது?”

“மலைதான்.”

“மலை அந்தா இருக்கே அண்ணாச்சி, குத்துக்கல்லாட்டம்.”

“விளையாடாதீங்க டீச்சர். எனக்கு வயிறு எரியுது.”

அண்ணாச்சிக்கு அறுபது தாண்டிவிட்டது. தென்காசி பஜாரில் ஆயுசுக்கும் ஜவுளிக்கடை நடத்தி, சாவியை மகன் கையில் கொடுத்தவர். ஆவுடையம்மாளுக்கு நாற்பதுதான் இருக்கும். வெட்டவெளியில் உட்கார்ந்து மலையையும் வயலையும் வரைவதைத் தவிர அந்த அம்மாவுக்கு வேறு தொழில் கிடையாது. வயசில் மூத்தவராக இருந்தாலும் அண்ணாச்சி வாய் நிறைய ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார். குரு என்றால் குருதான். அதில் வயசுக் கணக்கு எதற்கு?

அண்ணாச்சி பொழுதுபோக்காக வரைய வந்தவர் இல்லை.

வீட்டில் அவர் மனைவி வடிவம்மாள் படுத்த படுக்கையாக இருந்தாள். இடுப்பெலும்பு முறிந்து கூடவில்லை. அதற்காக அவள் யாரிடமும் குறைபட்டதில்லை. கட்டிலுக்கு எதிரே ஜன்னல் இருந்தது. ஜன்னலில் மலை இருந்தது. விடிந்ததும் படுத்தபடியே இரண்டு கையையும் எடுத்து மலையைக் கும்பிடுவாள். அதற்குப் பிறகுதான் வாயில் காப்பித் தண்ணீர் படும்.

பக்கத்து வீட்டுக்காரர் மாடி எழுப்பினார். அவர் இடம், அவர் மாடி. யாரைக் குறை சொல்ல முடியும்?

ஜன்னலில் இப்போது சிமென்ட் பூசின சுவர் நின்றது.

வடிவம்மாள் அழவில்லை. கும்பிடுவதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். சாப்பாடு பாதியானது. பேச்சு அதிலும் பாதியானது. மகன் மலையைப் போட்டோ எடுத்துப் பெரிதாக்கி மாட்டினான். “நல்லாயிருக்குய்யா” என்று சொல்லிவிட்டு மறுபக்கம் புரண்டு படுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அண்ணாச்சி வாயை விட்டார். “உன் மலையை நான் கொண்டு வாரேன் வடிவு.”

கடைக்காரர் கொடுத்த வாக்கு. மறுநாளே ஆவுடையம்மாளைத் தேடி வந்துவிட்டார்.

கோடு பழகினார். கலர் பழகினார். மலையின் முகடும் சரிவும் அவருக்கு மனப்பாடம் ஆகும்வரை பழகினார். ஆனாலும் ஒவ்வொரு படமும் வீட்டு வாசல்படியைத் தாண்டியதும் செத்துப் போனது.

“படத்தைப் பாத்துட்டு வடிவக்கா என்ன சொன்னாக?” என்று கேட்டார் ஆவுடையம்மாள்.

“‘சாரல் கட்டியிருக்கோ?’ங்கா.”

“நீங்க வரைஞ்சப்போ?”

“பளீர்னு வெயில் டீச்சர்! வானத்துல ஒரு பொட்டு மேகம் கிடையாது.”

“முந்தின படத்துக்கு?”

“அதுக்கும் இதே கேள்வி. ‘விளக்கைப் போடுங்க, தெரியலை’ன்னா. போட்டேன். அப்பவும் தெரியலை.”

அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார்.

“எனக்குப் பக்தி பத்தலையோ டீச்சர்? மனசுல ஏதும் அழுக்கு இருக்கோ? நேத்து சந்நிதியில நின்னு கேட்டுட்டேன், நான் என்ன பாவம் செஞ்சேன்னு.”

“சாமி என்ன சொன்னாரு?”

“அவரு எங்க பேசுதாரு?”

“அவருக்கு ஆயிரம் வேலை. இதுல எதுக்கு அவரை இழுக்கீங்க? நாளைக்குக் காலையில நான் உங்க பக்கத்துல வந்து உக்காருதேன்.”

மறுநாள் வந்தார்.

அண்ணாச்சி இடத்தைச் சுத்தமாக அமைத்துக்கொள்கிறவர். மடக்கு நாற்காலி போட்டார். பக்கத்தில் பிளாஸ்க் வைத்தார். மூங்கில் கம்பு ஒன்றை மண்ணில் ஊன்றி, பெரிய கறுப்புக் குடையை அதில் கட்டினார். தலைக்கு மேல் நல்ல நிழல் விழுந்தது. அண்ணாச்சி நிழலில் உட்கார்ந்தார். எதிரே ஸ்டாண்டில் படம் வெயிலில் நின்றது.

மேற்கே மலை. முதுகுக்குப் பின்னால் சூரியன். படம் தகதகவென்று மின்னியது.

ஆவுடையம்மாள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“படத்தை எதுக்கு வெயில்ல வெச்சிருக்கீங்க?”

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சேலை வித்தவன்கிட்டக் கேக்கீங்களே டீச்சர்! கடைக்குள்ள டியூப் லைட்டுல கலர் பொய் சொல்லும். வாசலுக்குக் கொண்டு போயி வெயில்ல பிரிச்சுக் காட்டணும். ‘இதாம்மா நிஜக் கலரு, நல்லாப் பாத்துக்கோ’ம்பேன். வெயில் முன்னால ஒரு பொய்யும் நிக்காது. அதுல நான் புலி.”

“சரிதான். அந்தச் சேலை எங்க போகும்?”

“கல்யாணத்துக்குப் போகும். தேரோட்டத்துக்குப் போகும்.”

“வெயில்ல போகும்.”

“ஆமா.”

“இந்தப் படம் எங்க போகும்?”

“வடிவு ரூமுக்கு.”

“அங்க வெயில் வருமா?”

“அந்தச் சுவர் வந்த பிறகு...”



ஆவுடையம்மாள் எழுந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். குடைக்கம்பை இரண்டு கையாலும் பிடுங்கினார். அண்ணாச்சியின் தலையில் வெயில் பொத்தென்று விழுந்தது. கம்பைக் கொண்டுபோய் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஊன்றி, குடையைச் சாய்த்துக் கட்டினார்.

நிழல் இப்போது படத்தின் மேல் விழுந்தது.

“டீச்சர், அப்ப எனக்கு?”

“உங்களுக்கு என்ன?”

“வெயிலு.”

“ஆமா. அடிக்குது.”

“நாளைக்கு இன்னொரு குடை கொண்டு வாரேன்.”

“கொண்டு வாங்க. கலர்ப் பலகைக்கு நிழல் பத்தலை.”

அண்ணாச்சி படத்தைப் பார்த்தார்.

சற்று முன்னால் தகதகத்த மலை அங்கே இல்லை. பச்சை இருண்டு கிடந்தது. பாறை கரிக்கட்டையாகத் தெரிந்தது. வானம், அடுக்களை மேல்சுவர் மாதிரி புகை படிந்து நின்றது.



“இதைத்தான் பாத்தாளா அவ? இத்தனை நாளும்?”

ஆவுடையம்மாள் அந்தப் படத்தை எடுத்துவிட்டு வெள்ளையாக ஒரு புதுக் கேன்வாஸை ஸ்டாண்டில் வைத்தார்.

“ஆரம்பிங்க.”

நிழலில் எந்தக் கலரும் அவர் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. மஞ்சள் வைத்தார், மங்கியது. இன்னும் வைத்தார். வெள்ளையை விரலிடுக்கு அளவு சேர்க்கிறவர் இப்போது அள்ளிச் சேர்த்தார். பிடரியில் வெயில் ஏறியது. சட்டை முதுகோடு ஒட்டியது. காது மடல் காந்தியது.

புல் அறுக்கப் போன பெண்கள் வரப்பில் நின்றுவிட்டார்கள்.

“என்ன மொதலாளி, படத்துக்குக் காய்ச்சலா? குடை பிடிச்சிருக்கீக?”

“ஆமாம்மா. நூத்தி ரெண்டு டிகிரி.”

“அப்ப ஒரு ஊசியும் போட்டுருங்க!”

சிரித்துக்கொண்டே போனார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். சிரித்ததில் நெற்றி வேர்வை கண்ணுக்குள் இறங்கிற்று. துடைக்காமல் வரைந்தார்.

மறுநாள் அவர் இரண்டாவது குடை எதுவும் கொண்டு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் கொண்டு வரவில்லை. மடக்கு நாற்காலியையும் வீட்டிலேயே விட்டுவிட்டார். நின்றபடி வரைந்தால் மலை கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது.

ஆனால் படம் முடிய முடியப் பயம் வந்தது. இவ்வளவு வெளிச்சத்தை அவர் எந்தப் படத்திலும் வைத்ததே கிடையாது.

“வெளுத்துப் போச்சோ டீச்சர்? சாயம் போன வேட்டி மாதிரி ஆயிருச்சோ?”

“உங்க கண்ணுக்கு எப்படி இருக்கு?”

“ஒரே ஒரு தடவை வெயில்ல வெச்சுப் பாத்துருதேன். கடைக்காரன் கண்ணு, கேக்க மாட்டேங்கு.”

படத்தைத் தூக்கக் கை வைத்துவிட்டார். ஆவுடையம்மாள் அவர் கைக்கு மேல் தன் கையை வைத்தார்.

“மலைக்கு வெயில் இருக்கு. உங்களுக்கும் இருக்கு. அதுக்கு வேண்டாம்.”

அண்ணாச்சி கையை எடுத்துக்கொண்டார்.

கலர் காய்ந்ததும் ஆவுடையம்மாளே படத்தைப் பழைய சேலையில் சுற்றிக் கட்டினார்.

“போற வழியில அவுத்துப் பாக்கக்கூடாது.”

“சரி.”

“நேரா மாட்டணும்.”

“சரி டீச்சர்.”

தென்காசி வரைக்கும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கை இரண்டு தடவை முடிச்சுக்குப் போனது. இரண்டு தடவையும் முருகா என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்தது.

அறை வழக்கம்போல மங்கலாக இருந்தது. வடிவம்மாள் கண்ணை மூடியிருந்தாள். தூக்கமா, சும்மாவா என்று தெரியவில்லை. அண்ணாச்சி எதிரே ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியை வைத்து அடித்தார். சேலையை அவிழ்த்தார். தானும் சரியாகப் பார்க்காமல் படத்தை மாட்டி, நேராக இருக்கிறதா என்று விளிம்பை மட்டும் தொட்டுப் பார்த்தார்.

திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. சுவரைப் பார்த்தபடியே நின்றார்.

கட்டில் கிறீச்சிட்டது.

தெருவில் காய்க்காரர் கத்திக்கொண்டு போனார். அடுக்களையில் குழாய் சொட்டியது.

“ஏங்க.”

“ம்.”

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மறைக்கீகள்லா.”

அண்ணாச்சி ஓரமாக ஒதுங்கினார். அப்போதும் திரும்பவில்லை. பின்னால் வளையல்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“வயக்காட்டுல நெல்லு முத்திருச்சு போலிருக்கே” என்றாள் வடிவம்மாள்.

“ஆமா.”

“பாறை மேல வெயில் எப்படி அடிக்கு, பாருங்க.”

“ம்.”

“ஏங்க.”

“என்ன வடிவு?”

“பிடரியெல்லாம் இப்படிக் கருகிக் கிடக்கே. குடை கொண்டு போகலையா?”

“கொண்டு போனது ஒண்ணுதான வடிவு” என்றார் அண்ணாச்சி.