நோயே வராத கம்ப்யூட்டர்

தூத்துக்குடியில் ஜெசிந்தாவின் போட்டோ ஸ்டுடியோவில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. ஊர்க் கல்யாணப் படங்களையெல்லாம் அதுதான் சுமந்தது. வாரம் ஒரு தரமாவது படுத்துக்கொள்ளும். ஒரு நாள் விசிறி சுற்றாது. இன்னொரு நாள் கரண்ட் போய் வந்தால், எந்த டிஸ்க்கைக் கொண்டு எழுந்திருப்பது என்பதே மறந்துவிடும்.

ஜெசிந்தா வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே அதைச் சரிசெய்வாள். அவள் விரல்களில் குடியிருந்த கைப்பழக்கத்துக்கு ஏக குஷி. அதற்கு வேலைதான் சாப்பாடு. தின்று தின்று தொப்பை போட்டிருந்தது.

எத்தனை நாள்தான் பொறுப்பாள்? புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினாள். படங்கள் எல்லாம் அதற்குள் குடிபோயின. பழையதைக் காலி செய்து மேஜைக்கடியில் தள்ளினாள்.

"எனக்கெல்லாம் தும்மல்கூட வராது," என்றது புதுசு.

"அப்ப நான் என்னத்தைத் திங்கிறது?" என்றது கைப்பழக்கம்.

"பேசாம படுத்துத் தூங்கு."

கைப்பழக்கமும் தூங்கிப்போனது.

ஒரு வருஷம் கழித்து ஒரு நாள் காலையில் கரண்ட் போய் வந்தது. புதுசு எழுந்திருக்கவில்லை. திரை கன்னங்கரேலென்று நின்றது. அந்த நேரம் பார்த்துப் புஷ்பம் வந்தாள். அவள் மகளின் கல்யாணப் படங்கள் முழுக்கப் புதுசின் வயிற்றில்தான் இருந்தன.

"ஏம்மா ஜெசிந்தா, பென்டிரைவ் ரெடியா? பொண்ணும் மாப்பிள்ளையும் சாயங்காலம் துபாய் கிளம்புதாங்க."

"இந்தா ஆச்சுக்கா, உக்காருங்க," என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். முதலில் எதை அழுத்த வேண்டும்? ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை! விரல்களை உதறினாள். "ஏய், எந்திரி!"

கைப்பழக்கம் ஒற்றைக் கண்ணைத் திறந்தது. எலும்பும் தோலுமாக இருந்தது. "ஒரு வருஷப் பட்டினி. எடுத்த எடுப்பிலே கல்யாண வீட்டுப் படத்துல கை வெக்கச் சொல்றியே, பயமா இருக்கு. முதல்ல லேசா ஏதாவது குடு."

மேஜைக்கடியிலிருந்து ஓர் இருமல் கேட்டது. "புதுசுக்கு வந்த அதே வியாதிதான் எனக்கும். என் வயித்துல படம் ஒண்ணும் இல்ல. தைரியமா வந்து தப்புப் பண்ணு," என்றது பழசு.

ஜெசிந்தா அதை வெளியே இழுத்தாள்.

"ஏம்மா, ரிப்பேரானது அது. நீ இதைப் போட்டு நோண்டிட்டு இருக்கே?" என்று புஷ்பம் பதறினாள்.

ஜெசிந்தா தப்பாக அழுத்தினாள், மறுபடியும் தப்பாக அழுத்தினாள். பிறகு விரல்கள் தானாகவே ஓடின. பழசு முனகிக்கொண்டு எழுந்தது. கைப்பழக்கம் ஏப்பம் விட்டுவிட்டுப் புதுசின் பக்கம் நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் புதுசும் எழுந்தது. புஷ்பம் பென்டிரைவோடு படியிறங்கியபோது ஜெசிந்தாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் படங்களையெல்லாம் இன்னொரு டிஸ்க்கில் பத்திரப்படுத்தினாள். பிறகு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த புதுசை வேண்டுமென்றே படுக்க வைத்தாள்.

"ஐயோ! நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று அலறியது புதுசு.

"ஒரு தப்பும் செய்யல," என்றது கைப்பழக்கம், இலை போட்டு உட்கார்ந்தபடி. "அதுதான் உன்கிட்ட உள்ள கோளாறு."