எட்டு எண்ணும்வரை

"தூக்கக் கத்துக்கணும்னு வந்தேன், மாஸ்டர். மூணு வாரமா இறக்கவே சொல்றீங்களே?"

கேட்டவர் சவரிமுத்து. தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பது வருஷம் மூட்டை சுமந்தவர். அவர் மாஸ்டர் என்று கூப்பிட்ட ஜென்சிக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். அந்த ஜிம் அவளுடையது.

டம்பெல்லைத் தோள்வரை அவளே தூக்கிக் கொடுப்பாள். எட்டு எண்ணும்வரை அவர் மெல்ல மெல்ல இறக்க வேண்டும். மனுஷன் மூன்றிலேயே தொப்பென்று போட்டுவிடுவார். சுமைக்காரர் பழக்கம் அது. தூக்குவதுதான் வேலை, இறக்குவது ஓய்வு. மூட்டையை எவனாவது பார்த்துப் பார்த்து இறக்குவானா?

வீட்டில் மனைவி மரியபுஷ்பம் பக்கவாதத்தில் படுத்து ஒரு வருஷம். சாயங்காலமானால் அவளைத் தூக்கிப்போய் ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைப்பார். தெருவைப் பார்த்தபடி அவள் பேசுகிற பேச்சுதான் அவருக்கு உலகம்.

ஒருநாள் தொப்பென்று இறக்கிவிட்டார். அவள் இடுப்பில் நல்ல அடி.

அன்றிலிருந்து, படுக்கையே போதும், என்னைத் தொடவேண்டாம் என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். காது மட்டும் தெருவிலேயே கிடந்தது. அந்தப் பேச்சுக்கு அவர் ஏங்கிப்போனார். உடம்பில் பலம் போதவில்லை என்று நினைத்துத்தான், நடந்ததை ஜென்சியிடம் சொல்லி, இங்கே சேர்ந்தார்.

ஜென்சி கிட்டே வந்தாள். அவருடைய இடது உள்ளங்கையை எடுத்து, டம்பெல் பிடித்திருந்த வலது கையின் புஜத்துச் சதையில் வைத்தாள்.

"இப்ப இறக்குங்க, அண்ணாச்சி."

இறக்கினார். உள்ளங்கைக்கு அடியில் சதை கல்லாட்டம் இறுகியது. கை நீள நீள அதுவும் நீண்டது. பிடியை மட்டும் விடவில்லை.

"இறக்கும்போது இது சும்மா இருக்குதுன்னுல்ல நெனச்சேன்."

"அக்காவுக்கு அடிபட்டது தூக்கும்போதா?"

சவரிமுத்து டம்பெல்லை மறுபடி அவளிடம் நீட்டினார். அடுத்த இரண்டு மாதம் இறக்கிக்கொண்டே இருந்தார்.

பிறகு ஒரு சாயங்காலம் கட்டிலருகே போய் நின்றார். ஒரே ஒரு தரம் என்று கெஞ்சினார். மரியபுஷ்பம் வெகுநேரம் யோசித்தாள். கடைசியில் கண்களை இறுக மூடி, நல்ல கையால் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

அவர் தூக்கினார். நடந்தார். மனசுக்குள் எண்ணினார்.

அவள் மூடிய கண்ணைத் திறக்கவே இல்லை. பிடித்த சட்டையையும் விடவில்லை.

"இன்னும் இறக்கலையா?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்து நாலைந்து மூச்சு ஆகியிருந்தது. சவரிமுத்து குனிந்தபடியே கையை நீட்டி ஜன்னலைத் திறந்தார்.