வயிறு சிவந்த பங்காளி

பங்கு கேட்க வந்தவன் என்று வெள்ளையன் நினைத்துவிட்டான். தப்பு அங்கேதான்.

கொடைக்கானல் மலையில் இரண்டு ஏக்கர்கூடத் தேறாத ஒரு சோலை. மிச்சத்தையெல்லாம் கடல் கடந்து வந்த சீகை மரங்கள் விழுங்கிவிட்டன. வெள்ளையன் அந்தச் சோலைக்கு உரியவன். நீல முதுகும் வெள்ளை வயிறும் கொண்ட சிறு பாட்டுக்குருவி. ஓடைக்கரைப் பொந்தில் அவன் மனைவி ஊதா இரண்டு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் புயற்காற்று, பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பாலிருந்து நீலகிரிக் குருவி ஒன்றைத் தூக்கிவந்து எறிந்தது. அதே முதுகு, அதே நெற்றிக்கோடு. வயிறு மட்டும் செங்கல் நிறம். பெயர் செம்பன்.

"கும்புடுறேன் அண்ணே. நாம பங்காளிங்க. காத்து நின்னதும் போயிடுறேன்."

வெள்ளையன் சிறகை விரித்து வழியை மறித்தான். இருப்பதே இத்தனூண்டு; இதில் பங்காளியா?

சீகை மரம் சும்மா இருக்குமா? "பங்காளின்னு வந்தவன் வேலி போடாம போயிருக்கானா? விரட்டு!"

"எவன்டா உனக்குப் பங்காளி? வயித்தைப் பாத்தியா?" என்று வெள்ளையன் செம்பன்மேல் பாய்ந்தான்.

"நிறம்தானே அண்ணே வேற. பாட்டன் ஒருத்தன்தான்."

"பாட்டனா? உன் பாட்டே தகரத்தை உருட்டுன மாதிரி இருக்கு!"

கிளை கிளையாக விரட்டினான். இருப்புக்கொள்ளவில்லை. பொந்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் பசி தாங்காமல் ஊதா இரைக்குப் போன நேரம், செம்பன் அலறினான்.

"அண்ணே, பொந்துக்கிட்ட பாம்பு!"

"நான் அங்க போனதும் நீ இந்தக் கிளையில உக்காரவா? போடா!"

செம்பனே பாய்ந்து பாம்பின் தலையில் கொத்தினான். அதற்குள் ஒரு முட்டை போய்விட்டது. ஒன்று மிஞ்சியது.

மறுநாள் காற்று நின்றது. செம்பன் கிளம்பவில்லை. பாடவில்லை. இரையையும் தொடவில்லை.

"காத்துதான் நின்னுருச்சே, இன்னும் ஏன்டா இருக்க?"

"பங்காளிக்குத் தீட்டு உண்டுல்ல அண்ணே. மூணு நாள் கழியட்டும்."

சாவிலும் பங்கு உண்டு என்பது அதுவரை வெள்ளையனுக்கு உறைக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும். இந்தக் கிளைக்கும் அந்தக் கிளைக்கும் தாவிக்கொண்டிருந்தான்.

அலகில் புழுவோடு வந்து, "கொழுந்தனாரே, தீட்டுக்காரங்களும் சாப்பிடணும்" என்று செம்பன் முன்னால் வைத்தவள் ஊதா.