பாராட்டு விழாவுக்கு ஓர் இடம்

நகராட்சிக் கூட்டத்தில் ஒன்பதாவது வார்டு கவுன்சிலர் மரியபுஷ்பம் எழுந்து நின்றார். தையல் கடை வைத்திருப்பவர், முதல் தடவை ஜெயித்து வந்தவர்.

"சேர்மன் ஐயா, எங்க அங்கன்வாடிக்குப் பக்கத்து மைதானத்துல ஊர்க் குப்பையெல்லாம் கொட்டுறாங்க. நாத்தம் தாங்காம பிள்ளைங்க சாப்பிட்டதை வாந்தி எடுக்குது."

சேர்மன் குலசேகரன் சிரித்தார். "நானே போய்ப் பார்த்தேம்மா. நாத்தமும் இல்லை, ஒண்ணும் இல்லை. ரோஜாத் தோட்டம் மாதிரி இருக்கு. உட்காருங்க."

அவர் கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள். மரியபுஷ்பம் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து, சேர்மனுக்குப் பாராட்டு விழா எடுக்கும் தீர்மானம் வந்தது. எங்கே நடத்துவது என்று பேச்சு எழுந்ததும் மரியபுஷ்பம் கையைத் தூக்கினார்.

"எங்க மைதானத்துலயே நடத்தலாம் ஐயா. பிரியாணிப் பந்தியும் அங்கேயே போட்டுடுவோம்."

"அங்கேயா?" சேர்மன் பதறினார். "அந்த நாத்தத்துல மனுஷன் எப்படிம்மா சோறு திங்கிறது?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. மேசை தட்டியவர்களே சிரித்துவிட்டார்கள்.

"அதைத்தான் ஐயா எங்க பிள்ளைங்களும் கேட்குது" என்றார் மரியபுஷ்பம்.

மறுநாளே லாரிகள் வந்து குப்பையை அள்ளின. விழாவும் அந்த மைதானத்தில்தான் நடந்தது. பொன்னாடை போர்த்த மேடையேறிய எட்டாவது வார்டு கவுன்சிலர், சேர்மன் காதோடு சொன்னார்:

"அடுத்த விழாவை எங்க வார்டு சாக்கடை ஓரமா வச்சுக்கலாம் ஐயா."